நெத்திலி ஓடவில்லை

தென்கொரியாவின் மாசான் மீன் சந்தையில் காய்ந்த நெத்திலியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கிற பில்சூனுக்கு அந்த வாரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய நெத்திலிப் பெட்டியில் சின்னதைப் போட்டு முதலாளியம்மாவிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். இணையத்தில் பதுக் விளையாடுகிறவர்களுக்காக நடக்கும் இலையுதிர்காலப் போட்டியில், நானூறு பேரைத் தாண்டி, தொடர்ந்து இரண்டாவது வருடமாக இறுதிக்கு வந்திருந்தாள்.

பதுக் என்பது கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் வைத்து இடம் பிடிக்கிற ஆட்டம். வளைத்துப் பிடித்த ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. கடைசியில் யாருக்கு வீடு அதிகமோ அவருக்கு வெற்றி; முதல் கல் கறுப்புடையது என்பதால் வெள்ளைக்கு ஈடாக ஆறரை வீடு கூடுதல். நாற்பத்தேழு வயதில், கல்லைக் கையால் தொடாமல், வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாகவே பில்சூன் இதில் பெரிய கையாகிவிட்டாள். இணையத்தில் அவள் பெயர் ‘வறுத்த நெத்திலி’. எதிராளியின் பெயர் ‘கிழக்குக்கடல் திமிங்கிலம்’. உல்சான் ஊர்க்காரர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

போன வருடமும் இதே திமிங்கிலத்தோடுதான் இறுதி ஆட்டம். பாதிக்கு மேல் போனபோது, பில்சூன் லேசாகப் பின்தங்கியிருந்த நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிட்டது. மவுஸை ஆட்டினாள், பெட்டியைத் தட்டினாள், கெஞ்சினாள். அது மறுபடி உயிர்பெற்றபோது திரையில் ஒரே வரி: ‘நேரம் முடிந்தது. வெள்ளைக்கு வெற்றி.’ அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் தளத்தின் அறிவிப்புப் பலகையில் திமிங்கிலம் எழுதியிருந்தார்: ‘நெத்திலி ஓடிவிட்டது.’

தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓடுவதைவிடக் கேவலம் அந்த உலகத்தில் வேறு கிடையாது. கம்ப்யூட்டர் உறைந்துபோனது என்று அவள் எழுதினாள். ஓடுகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. ஒரு வருடமாக யாரோடு ஆட உட்கார்ந்தாலும், இன்றைக்காவது கடைசிவரை இருப்பீர்களா என்று ஒரு குத்தல். அவளுக்குக் கோப்பை வேண்டாம், பரிசு வேண்டாம். கடைசிக் கல்வரை உட்கார்ந்து, வீடுகளை எண்ணி முடிக்க வேண்டும். அது மட்டும்தான்.

அதற்குக் கம்ப்யூட்டர் ஒத்துழைக்க வேண்டுமே. அது இப்போதெல்லாம் விழித்தெழுவதற்குள் அரிசி கழுவி, குக்கரில் வைத்து, முகமும் கழுவிக்கொண்டு வந்துவிடலாம். சியோலில் படிக்கிற மகள் போராவிடம் பில்சூன் தொலைபேசியில் புலம்பினாள். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் எத்தனை குட்டிப் படம் இருக்கிறது என்று போரா எண்ணச் சொன்னாள். பதினொன்று.

“அம்மா, அதுக்கு வியாதியே இல்ல. காவலாளிதான் ஜாஸ்தி,” என்றாள் போரா.

பதினோரு பேரும் தேசிக் அமர்த்தியவர்கள். பில்சூனின் கணவர் தேசிக் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வெளியே கிளம்பினால் எரிவாயுக் குழாயை மூன்று முறை தொட்டுப் பார்க்கிற ரகம். வங்கித் தளத்துக்குள் போக வேண்டுமானால் பாதுகாப்பு நிரல் என்று ஒரு காவலாளியை நிறுவு என்றது திரை, நிறுவினார். வரி கட்டப் போனால் இன்னொன்று, காப்பீட்டுக்கு இன்னொன்று. தட்டுகிற விசைகளை யாரும் வேவு பார்க்காமலிருக்க ஒன்று, அந்த ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஒன்று. இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். ஆனால் மற்றவர்கள் சலித்துக்கொண்டே சம்மதம் சொல்வார்கள். தேசிக் மனம் குளிர்ந்து சொல்வார். ஞாயிறுதோறும் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்களோ உள்ளே ஒருவரை ஒருவர் திருடன் என்று சந்தேகித்து, நாள் முழுக்கச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பில்சூன் களத்தில் இறங்கினாள். முதலில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். காற்றாடியில் கம்பளிபோலத் தூசி அப்பியிருந்தது. புதுப் பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல மெல்லத் தட்டி எடுத்தாள். அடியில் ஒரு நெத்திலித் தலையும் கிடந்தது. அது எப்படி உள்ளே போனது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அடுத்து, வங்கிக்கு வேண்டிய அடையாளச் சான்றிதழையும் போராவின் பள்ளிக்காலப் படங்களையும் குறுவட்டில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தினாள். பிறகு காவலாளிகளை ஒவ்வொருவராக வேலையை விட்டு நிறுத்த ஆரம்பித்தாள். மூன்றாவது ஆள் போகும்போது தேசிக் பார்த்துவிட்டார்.

“என்ன பண்ற போரா அம்மா? வீட்டுக் கதவுல மூணு பூட்டு போட்டிருக்கோம். அதுக்கு யாராச்சும் கோவிச்சுக்கறாங்களா?”

“பூட்டு போடுங்க, வேணாங்கல. நீங்க பதினோரு வாட்ச்மேனை வாசப்படியிலயே படுக்க வெச்சிருக்கீங்க. வீட்டுக்காரியே உள்ள போக முடியல.”

“நாளைக்கு எவனாச்சும் உள்ள பூந்து எதையாச்சும் உருவிட்டுப் போனா எங்கிட்ட வந்து அழாத.”

“போன வருஷம் என் மானத்தையே உருவிட்டுப் போனாங்களே, அப்ப உங்க பதினோரு பேரும் என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

தேசிக் அந்த விஷயத்தை இப்படி யோசித்ததே இல்லை. அந்த ஆட்டம் நின்றுபோனது மின்சாரக் கோளாறு என்றோ, கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்றோதான் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். குனிந்து திரையில் ஒரு படத்தைக் காட்டினார்.

“இவன் கொஞ்சம் நல்லவன். இவனை மட்டும் வெச்சுக்க,” என்றார். முகம் மட்டும் நாள் முழுக்கத் தொங்கிப்போயிருந்தது.

மாலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பில்சூன் அசந்துபோனாள். பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல அரிசி களையப் போனவள், தண்ணீர் ஊற்றுவதற்குள் திரை தயாராகிவிட்டதைக் கண்டு ஈரக் கையோடு ஓடிவந்தாள். அணைத்துத் திறந்தாள். மறுபடி அணைத்துத் திறந்தாள். காற்றாடியின் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் நாலு முறை அதையே செய்தாள்.

அந்தச் சந்தோஷம்தான் ஞாயிறு மதியம் அவளை ஒரு தப்புச் செய்யவைத்தது. மிச்சமிருக்கிற ஒரே காவலாளியும், கம்ப்யூட்டரின் அடிப்படை நிரல்களும் புத்தம்புதிதாக இருக்கட்டும் என்று, சாப்பிட்ட கையோடு எல்லாவற்றையும் புதுப்பித்தாள். முடிந்ததும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துத் திறக்கச் சொல்லித் திரை கேட்டது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த அறிவிப்பை மூடிவிட்டாள். மூன்று மணிக்குத் திமிங்கிலம் வணக்கம் சொன்னார். இந்த முறையும் பில்சூனுக்குக் கறுப்புக் கல். இருநூறு பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டும்விட்டார், நெத்திலி இன்றைக்கு எத்தனை மணிக்கு ஓடும் என்று.

ஆளுக்கு இருபது நிமிடம். அது தீர்ந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் முப்பது விநாடி. முப்பதைத் தாண்டினால் ஒரு வாய்ப்புப் போகும். மூன்று வாய்ப்பும் போனால் ஆட்டமே போகும். இருபது நிமிடம் இருவருக்கும் சீக்கிரமே கரைந்தது. அதன்பின் பில்சூனுக்கு ஒன்று புரிந்தது. சொடுக்கிய மறுகணமே கல் டக்கென்று விழுந்தது. இத்தனை வருடம் அவளுடைய முப்பது விநாடியில் எட்டைக் கம்ப்யூட்டர் தின்றுகொண்டிருந்தது. இருபத்திரண்டிலேயே வைத்துப் பழகிய கை அவளுடையது. இப்போது எட்டு விநாடி சும்மா கிடைத்திருக்கிறது.

கிடைத்த எட்டு விநாடியில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. தொண்ணூற்றொன்றாவது கல்லுக்குச் சரியான இடம் பார்த்தவுடனே தெரிந்தது. மிச்ச நேரத்தில் இரண்டாவது யோசனை வந்தது, மூன்றாவதும் வந்தது, கை வேறெங்கோ வைத்துவிட்டது. ஒரு மூலையே கைவிட்டுப் போயிற்று. தன்மேலேயே எரிச்சல் பொங்கியது. இனி முதலில் தோன்றிய இடம்தான் என்று முடிவெடுத்தாள். மிச்சமிருக்கும் விநாடிகளை எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வைத்துக்கொண்டாள். அதன்பின் ஆட்டம் சூடு பிடித்தது. நடுப்பலகையில் வெள்ளையை நெருக்கிக்கொண்டே போனாள். தான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது பலகையின் நட்டநடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சாளரம் முளைத்தது. கம்ப்யூட்டரை அணைத்துத் திறக்க வேண்டும். ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான். ஒன்றும் சொல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் தானே அணைந்துகொள்ளும். அவள் அதை இரண்டு முறை படித்து முடிப்பதற்குள் முப்பது விநாடி ஓடிவிட்டது. ஒரு வாய்ப்புப் போயிற்று. ‘பிறகு’ என்று சொன்னாள். பத்து நிமிடம் கழித்து அது திரும்ப வந்தது. பதற்றத்தில் மவுஸ் தவறிக் கீழே விழுந்து, எடுத்து வைப்பதற்குள் இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. வேடிக்கை பார்க்கிறவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்: கிளம்பிவிட்டது, கிளம்பிவிட்டது.

தேசிக் அடுக்களை வாசலில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கிட்டே வரக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்தார்.

“மவுஸ் உங்கிட்ட இருக்கட்டும். கீபோர்டை எங்கிட்ட குடு.”

“இப்ப தொந்தரவு பண்ணாதீங்க.”

“நீ கல்லைப் பாரு. இந்த ஜன்னலுங்களோடதான் நான் ஞாயித்துக்கிழமை பூரா குடும்பம் நடத்தறேன். இவனுங்க புத்தி எனக்குத் தெரியும்.”

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். தேர்வு ‘இப்போது’ என்பதில்தான் வந்து நிற்கும். ஒரு தட்டுத் தட்டி அதைப் ‘பிறகு’க்குத் தள்ளி, அப்புறம்தான் அழுத்த வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் போச்சு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாளரம் தலைகாட்டியது. பில்சூன் கண் சிமிட்டுவதற்குள் தேசிக்கின் இரண்டு விரல்கள் அதை விரட்டின. பேருந்து ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்ப்பது போலக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கல் வைத்தாள், கணவர் காவல் காத்தார்.

கடைசிப் பத்து விநாடியைக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று. இருநூற்று முப்பத்தொன்றாவது கல்லுக்கு அது எட்டு வரை வந்துவிட்டபோது சாளரம் மறுபடி முளைத்தது, சரியாகப் பில்சூன் வைக்க வேண்டிய கட்டத்தின் மேலேயே. தட்டு, அழுத்து. சாளரம் மறைந்தது. குரல் ஒன்பது என்றது. கல் விழுந்தது. தேசிக்கின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

அப்புறம் எல்லைகளை அடைக்கிற வேலைதான். ஒரு வீடு இங்கே, அரை மனதாக ஒரு வீடு அங்கே. வைப்பதற்கு இனி இடமில்லை என்று திமிங்கிலம் தன் முறையை விட்டார். பில்சூனும் விட்டாள். பலகை நிறம் மாறி, கட்டம் கட்டமாக எண்ணத் தொடங்கியது. பிறகு அந்த ஒரு வரி வந்தது: ‘வெள்ளைக்கு அரை வீடு வித்தியாசத்தில் வெற்றி.’

தேசிக் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் போன இரண்டு வாய்ப்பும் தன்னால்தான் என்பதைப் போல ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். பில்சூன் எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது, வாய் காதுவரை சிரித்தது. அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எண்ணிட்டாங்க, பாத்தீங்களா? எண்ணித் தோத்திருக்கேங்க.”

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். தோற்றதற்கு இப்படிக் கூத்தாடுகிறவளை இருபத்துநாலு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கண்டதில்லை. பிறகு மெல்லப் புரிந்து அவரும் சிரிக்கத் தொடங்கினார். இவ்வளவு ஆனந்தம் அவளுக்கு எந்த வெற்றியிலும் வந்ததில்லை.

திரையில் ஏதோ நகர்ந்தது. ஆட்டம் முடிந்தால் இருவரும் முதல் கல்லிலிருந்து மறுபடி வைத்து, எங்கே சரி, எங்கே பிசகு என்று பேசிப் பார்ப்பது பதுக்கில் மரியாதை. ஓடிப்போனவர்களோடு யாரும் அதைச் செய்வதில்லை. இந்த ஒரு வருடத்தில் பில்சூனை யாரும் கூப்பிடவில்லை. வழக்கமாகத் தோற்றவர்தான் கேட்பார். இப்போது ஜெயித்த திமிங்கிலம் எழுதியிருந்தார்: ‘தொண்ணூற்றொன்றாவது கல் உங்களுடையது மாதிரியே இல்லை. மற்றதெல்லாம் என்னைப் பயமுறுத்திவிட்டது. போன வருடம் நான் எழுதியது தப்பு. நேரம் இருந்தால் முதலிலிருந்து ஒருமுறை வைத்துப் பார்க்கலாமா?’

இருநூறு பேர் முன்னால் எழுதியிருந்தார். பில்சூன் அதை மூன்று முறை படித்தாள். பதில் எழுதக் கையை நீட்டியவள், கீபோர்டு தேசிக்கின் மடியில் இருப்பதைப் பார்த்தாள். அவர் அதை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னன்னு எழுத?” என்றார்.

“நேரம் இருக்குன்னு எழுதுங்க,” என்றாள் பில்சூன். மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.