படித்துறையில் நனைந்தவர்கள்

படகு பழுதுபார்க்கும் அப்பா ஆற்றோடு போன பிறகு, அம்மா மகளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. தெருவிலோ, "ஐயோ பாவம், அப்பன் இல்லாத பிள்ளை" என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். அதைக் கேட்டாலே அந்தப் பத்து வயதுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மதியம், அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் படகுத்துறைக்கு நழுவினாள். கடைசிப் படியில் மூன்று பேர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். சுள்ளென்ற வெயிலிலும் ஒருவருக்கும் நிழல் விழவில்லை. ஒருவர் தையல்காரர், ஒருத்தி தபால்காரி. தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பா.

அவள் ஓடவில்லை; ஒரு படி கீழே இறங்கினாள்.

"அழ வந்தியா?" என்றார் தையல்காரர். "எங்களுக்கு இருக்கிற ஈரமே போதும்மா."

தபால்காரி குறுக்கிட்டாள். "நீச்சல் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எங்க மூணு பேருக்கும் தெரியாது. அதான் இங்க உக்காந்திருக்கோம்."

அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "நாள் பூரா படகுலதானே இருந்தே?"

"இந்த வயசுல போய்க் கத்துக்கிறதான்னு வெக்கப்பட்டேன் கண்ணு. நீ வீட்டுக்குப் போ."

"போறேன். ஆனா வீட்டுக்கு இல்ல."

நேரே நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போனாள். பயிற்சி தருகிறவர் பெரியவர்களை அழைத்துவரச் சொன்னார். "அவங்களே தேடி வருவாங்க" என்று வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா அலறியடித்துக்கொண்டு வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "உங்கப்பாவை முழுங்கினது பத்தாதா அந்தத் தண்ணிக்கு?"

"அப்பாவுக்கு நீந்தத் தெரியலைம்மா. எனக்குத் தெரியணும். அடிச்சாலும் நாளைக்கு வருவேன். கட்டிப் போட்டாலும் வருவேன்."

அம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் பயிற்சியாளரிடம்.

கோடை முடிவதற்குள் அவள் குளத்தைக் குறுக்கே கடந்தாள். அதோடு விடவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த படகுக்காரர்களை ஒவ்வொருவராக நச்சரித்து இழுத்து வந்தாள். மீசைக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரில் அசையாமல் நின்றார்.

கரையில் இடுப்பில் கைவைத்து நின்றாள் அவள். "கழுத்தளவு தண்ணியில நின்னா நீச்சல் ஆயிடுமா மாமா? காலை உதைங்க!"