யாரும் எழாத பனிச்சரிவு

என் தம்பி மொரிஹிகோ இறந்த நூறாம் நாளுக்கு அடுத்த ஞாயிறு மதியம், ஜப்பானின் செண்டாய் நகரில் அவன் நினைவாக ஒரு மல்யுத்தக் காட்சி வைத்தார்கள். ஏழு ஆட்டங்கள். எங்கள் வாரப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுத நான் போனேன். இருபது வருடமாக அது என் வேலை. தம்பி ஆடும் ஆட்டத்தை மட்டும் வேறொருவர் எழுதுவார். இனி அது தேவையில்லை என்று ஆசிரியர் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முதலில், இறந்தவனுக்கு மரியாதையாகப் பத்து முறை மணி அடித்தார்கள். மூவாயிரம் பேர் எழுந்து நின்றோம்.

ஆட்டத்தை முடிக்க அவன் போடும் பிடிக்குப் பனிச்சரிவு என்று பெயர். எதிராளியைத் தலைகீழாகத் தோளில் தூக்கி, அப்படியே உட்கார்ந்து, முதுகு தரையில் அறைய இறக்குவான். பதினெட்டு வருடத்தில், அதை வாங்கியவர்களில் நடுவர் மூன்று எண்ணி முடிப்பதற்குள் தோளைத் தூக்கித் தோல்வியிலிருந்து தப்பியவர் ஒருவரும் இல்லை. ஆட்டத்தின் முடிவை முன்பே பேசிவைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படியானால் யாரும் எழாத பிடி என்ற பெயரை அவனுக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவனிடம் தோற்றவர்கள்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான்.

முதல் ஆட்டத்தில் இரண்டு புதியவர்கள். கறுப்புக் கால்சட்டை, வெறும் அடிப்படைப் பிடிகள். ஆனால் ஒவ்வொரு பிடியிலும் உயிர் இருந்தது. இரண்டாவதில் குள்ளமான ஒருவர் தன்னைவிட இருமடங்கு கனமானவரைத் தூக்கி எறிந்தபோது நானும் கைதட்டிவிட்டேன்.

மூன்றாவதில், அஞ்சலியாக ஒருவர் நெமோதோ என்ற இளைஞனுக்குப் பனிச்சரிவு போட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றுக்குக் கை இறங்கும்போது நெமோதோ தோளைத் தூக்கினான். கூட்டம் காலால் தரையை உதைத்தது.

"அட, பனிச்சரிவுலேருந்தே எந்திரிச்சுட்டான்யா!" என்றார் பின்வரிசைக்காரர்.

"ஒருத்தன் எந்திரிச்சாச்சுல்ல. இனிமே எல்லாரும் எந்திரிப்பாங்க, பாரு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஐந்தாவதிலும் அதே பிடி. இந்த முறை வாங்கியவர் இரண்டிலேயே எழுந்துவிட்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆட்டத்தைச் சூடாக்கினால் மொரிஹிகோவுக்குப் பெருமை என்று நினைத்தார்கள். நான் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் பட்டத்துக்கு. பட்டம் ஹயாமியிடம் இருந்தது. நாற்பத்தாறு வயது, என் தம்பியின் பழைய எதிராளி. எதிரே இளையவன் இனுகாய். அன்று ஹயாமிதான் ஜெயிப்பார். வரும் ஜனவரி காட்சிக்கு ஏற்கெனவே அச்சடித்திருந்த சுவரொட்டியில் பட்டத்தோடு நின்றவர் அவர்தான்.

"ஹயாமி! பேரப்பிள்ளை தேடுது, சீக்கிரம் முடிய்யா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலடா!" என்று கயிற்றைப் பிடித்தபடி கத்தினார். அரங்கம் சிரித்து முடிப்பதற்குள் இனுகாயின் அறை நெஞ்சில் விழுந்தது. ஹயாமி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் அடி என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தினார். தோல் பீட்ரூட் நிறமாகும்வரை அப்படியே நின்றார். அப்புறம் நான்கு நிமிடம் ஒரே தலைப்பூட்டு, தலை கையிடுக்கில் இறுகியபடி. ஒரு நொடிகூட அலுக்கவில்லை. என் வேலையில் இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பத்து முறை பார்த்திருந்தால் அதிகம்.

அப்புறம் இனுகாய் அவரைத் தோளில் தூக்கினான். இறக்கும்போது, என் தம்பி செய்வதுபோலவே, தலை அடிபடாதபடி ஒரு உள்ளங்கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்தான்.

ஒன்று. இரண்டு. நடுவரின் கை காற்றில் நின்றது. "தோளு! தோளு!" என்று அவர் உதடு அசைந்தது. ஹயாமி கண்ணைத் திறந்து கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நடுவருக்கு வேறு வழியில்லை. மூன்று.

இனுகாய்க்கே நம்பிக்கை வரவில்லை. யாராவது தன்னைத் திட்டுவார்களோ என்பதுபோல் சுற்றிலும் பார்த்தான்.

ஆட்டம் முடிந்து, அரங்கின் பின்புற நடைவழியில் ஹயாமி கழுத்தில் பனிக்கட்டிப் பையோடு உட்கார்ந்திருந்தார். நிர்வாகி கத்திவிட்டு அப்போதுதான் போயிருந்தார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. அதுலேருந்து எப்படி எந்திரிக்கறது?"

"நெமோதோ எந்திரிச்சானே."

"அவன் சின்னப்பய. நான் உங்க தம்பிகிட்ட முப்பத்தோரு தடவை வாங்கினவன். இன்னிக்கு எந்திரிச்சேன்னா, அந்த முப்பத்தோரு தடவையும் சும்மா படுத்துக் கெடந்தேன்னு ஆயிடும்ல?"

"பட்டம் போச்சே, ஹயாமி."

"இடுப்புல ரொம்ப கனம் அக்கா அது. அந்தப் பையன் சொமக்கட்டும்."

நெமோதோ ஓடிவந்து இடுப்பு வளைய வணங்கினான். "தெரியாம எந்திரிச்சுட்டேன் அக்கா. மன்னிச்சிருங்க."

"நல்லா ஆடினே. அப்படித்தான் எழுதப்போறேன்," என்றேன். அப்படித்தான் எழுதினேன்.

மறுநாள் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "கடைசி ஆட்டத்துல ஹயாமி ஏன் எழலைன்னு நீங்க எழுதவே இல்லையே. வாசகர்கள் கேப்பாங்க. காயமா?"

"இல்ல. பனிச்சரிவு வாங்கினாரு," என்றேன்.