இரட்டைக்குழலின் உதை

2003 பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், சமயநல்லூர் வங்கிக் கிளைக்கு வந்த தபாலில் காவலர் சுடலைக்கும் ஒரு தாள் இருந்தது. பிப்ரவரி கடைசி ஞாயிறு துப்பாக்கிப் பயிற்சி. வருஷா வருஷம் நடப்பதுதான். இந்தத் தடவை புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஐந்து தோட்டாவில் குறைந்தது மூன்று குறியில் பட வேண்டும். படாதவர்களைக் காவல் வேலையிலிருந்து எடுத்து, நகரத்து அலுவலகத்தில் வேறு வேலைக்கு அனுப்புவார்கள்.

சுடலை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலில் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். பதினோரு வருஷமாக அவர் உட்காரும் இடம். பென்ஷன் வாங்க வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தயங்கும் ஆட்களை, "போட்டுக்கிட்டே போங்க, இது கோயில் இல்ல" என்று அனுப்பிவைப்பார். மீசையையும் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியையும் பார்த்து எல்லாரும் அவரை 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு உழுதவர். அவர் போனால் டீக்கடை பெஞ்சில் யாரும் இடம் விட்டதில்லை. மகனுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சுடலை அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கவனித்தார்.

அந்த மிலிட்டரிக்குத் தன் தோளில் தொங்கும் துப்பாக்கி என்றால் பயம்.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி ஓட்டியவர் அவர். வருஷத்துக்கு ஒரு தரம் தரையில் படுத்துக்கொண்டு ரைஃபிளால் சுட்டதோடு சரி. 'ட்வெல்வ் போர்' என்கிற இந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை வங்கியில் சேர்ந்த பிறகுதான் கையால் தொட்டார். முதல் சில வருஷம் எப்படியோ ஓடியது. தொண்ணூற்றெட்டில் வாடிப்பட்டி ரோட்டில் மொபெட்டோடு விழுந்து வலது காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்கடுத்து வந்த பயிற்சியில் துப்பாக்கி உதைத்தபோது, எலும்பு மறுபடி விட்டுப்போனது மாதிரி ஒரு மின்னல் வெட்டியது. அன்றிலிருந்து விசையை இழுக்கும் முன்னாலேயே அவர் கண் தானாக மூடிக்கொண்டது. போன வருஷம் ஐந்துக்கு ஒன்று. தோளுக்குக் கீழே கையில், கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. பஸ் கதவில் இடித்துவிட்டதாக மனைவி ராக்கம்மாளிடம் சொன்னார்.

தாள் வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்கு ஒரே ஓர் ஆள்தான் தோன்றினார். ஹரிராம், கிளையின் காசாளர். பழங்காநத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போய் மண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடுவது அவருக்குப் பழக்கம். சௌராஷ்டிரா வீட்டில் பிறந்து துப்பாக்கி தூக்கியது எங்கள் வம்சத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுடலை அவர் மேஜை ஓரமாகப் போய் நின்றார்.

"சார், உங்க துப்பாக்கி உதைக்குமா?"

"உதைக்காம என்ன அண்ணே? எல்லாம் உதைக்கும்."

"வலிக்காதா?"

ஹரிராம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். கேள்வி கேட்ட விதத்திலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது போலும். "வலிக்குதுன்னா வழி இருக்கு. மெத்தை வச்சுக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே கிளையின் போனில் மனைவி ஸ்வப்னாவிடம் தங்கள் மொழியில் ஏதோ நெடுநேரம் விளக்கினார். இரண்டு நாள் கழித்து ஒரு கையில்லாத சட்டை வந்தது. வலது தோளில் செருப்புக்கடை ரப்பரை வெட்டி, இரண்டு மடிப்புத் துண்டுத் துணிக்கு நடுவில் வைத்துத் தைத்திருந்தார் ஸ்வப்னா. மாட்டிப் பார்த்தபோது சுடலைக்கு ஒரு தோள் மட்டும் உயர்ந்து நின்றது.

அடுத்த ஞாயிறு சங்கத்துச் செயலாளரிடம் அனுமதி வாங்கி, சுடலையை அங்கே வரச் சொன்னார் ஹரிராம். அதே ஞாயிறு பழங்காநத்தத்தில் சுடலையின் தங்கை மகளுக்குக் காது குத்து. அதனால் ராக்கம்மாளும் பட்டுச் சேலையும் சீர்த் தட்டுப் பையுமாகக் கூட வந்தாள். "வங்கி வேலையா ஒரு எடத்துல அரை மணி நேரம், அப்படியே போயிரலாம்" என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்.

மொட்டைப் பாறைக் குன்றுக்கு அடியில் இருந்தது சுடுதளம். காலை எட்டு மணி வெயில் இதமாக இருந்தது. ராக்கம்மாள் வேப்ப மரத்தடியில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சுடலை மெத்தைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஹரிராமின் துப்பாக்கியால் மூன்று தடவை சுட்டார். வலி பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் எதிரே நின்ற ஆளுயர அட்டையில் ஓர் ஓட்டையும் இல்லை. மூன்றும் அட்டைக்கு முன்னால் தரையில்தான் புழுதி கிளப்பின.

"வலிக்கலல்ல? அப்புறம் ஏன் அண்ணே கீழ போகுது?" ஹரிராம் நெற்றியைச் சொறிந்தார். பிறகு துப்பாக்கியை வாங்கி மடக்கி, சுடலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சுடலை குறி பார்த்தார். விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை. ஆனால் சுடலையின் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. கண் இறுக மூடியிருந்தது. குழல் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது.

ஹரிராம் போட்டிருந்தது ஏற்கெனவே சுட்ட வெறும் தோட்டா.

"உதைக்காத துப்பாக்கிக்கே நீங்க குதிச்சுட்டீங்க அண்ணே" என்றார் அவர் மெதுவாக. குரலில் கேலி இல்லை. ஆனாலும் சுடலையின் முகம் கறுத்தது. துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வேப்ப மரத்தடிக்கு நடந்தார். ராக்கம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"எனக்குப் பயமா இருக்கு ராக்கு. நாலு வருசமா. இது உதைக்கிறப்ப எலும்பு திரும்ப ஒடஞ்சிரும்னு இருக்கு. கையில கன்னிப்போயிருந்துச்சே, அது பஸ்ஸு கதவு இல்ல."

"பஸ்ஸு கதவு இல்லன்னு அன்னைக்கே தெரியும்" என்றாள் ராக்கம்மாள். "கேட்டா சொல்லிருப்பீங்களா?"

இருபத்திரண்டு வருஷத்தில் பயம் என்ற சொல்லை அவளிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரிப்பாளோ என்று எதிர்பார்த்தார். அவள் அட்டை நின்ற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லவா? நான் பன்னெண்டு வருசம் கட்டட வேலையில சாரத்து மேல நின்னு செங்கல் பிடிச்சவ. கீழ இருந்து ஒருத்தன் வீசுவான். மொத வாரம் எனக்கு ரெண்டு நகம் பேந்துபோச்சு. ஏன்னு நெனைக்கிறீங்க? கல்லு வருதுன்னு பயந்து கையைப் பின்னால இழுத்துக்குவேன். இழுத்தாலும் கல்லு வந்துதான் அடிக்கும். முன்னால குனிஞ்சு போய் வாங்கிக்கிட்டு, அப்புறம் அதுகூடவே கையைக் கொண்டாரணும். அப்படி வாங்குனா பூ மாதிரி வந்து உக்காரும்."

"இது செங்கல் இல்லடி."

"அது என்னவோ. நீங்க அங்க நின்னதைப் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையைத் தோள்ல வைக்காம, கையில வைக்கிறீங்க. எலும்புல படக் கூடாதுன்னு ஒதுக்கி வைக்கிறீங்களோ என்னவோ. மெத்தை வேற தள்ளி விடுது. அதுக்கும் உங்களுக்கும் நடுவுல எடம் கெடக்கு. அந்த எடத்துலதான் அது ஓடியாந்து இடிக்குது. அதோட நீங்க பின்னால சாஞ்சு நிக்கிறீங்க. ஓடப் போற ஆளு மாதிரி."

பின்னால் வந்து நின்ற ஹரிராம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். "அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி அண்ணே" என்றார். "நான் மெத்தையவே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். உங்க காலைப் பார்க்கவே இல்ல."

மெத்தைச் சட்டையைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த துணியையெல்லாம் உருவிவிட்டு ரப்பரை மட்டும் வைத்து மறுபடி மாட்டிவிட்டார்கள். காறை எலும்புக்குக் கீழே, தோளுக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறது. கட்டையின் அடி அதற்குள் போய் முழுசாகப் பொருந்தி உட்கார்ந்தது. இடது காலை முன்னால் வைத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாயச் சொன்னார் ஹரிராம். கன்னம் கட்டையில் அழுந்த வேண்டும். கன்னத்தைத் தூக்கினால் அங்கேயும் ஒரு குத்து விழும். வெடிமருந்து குறைவான, சின்ன ஈய ரவைகள் நிரப்பிய தோட்டாக்கள் ஒரு பெட்டி அவரிடம் இருந்தது. "மொதல்ல இதுல பழகுவோம். உங்க வங்கித் தோட்டாவுக்கு அப்புறம் போகலாம்."

"எனக்குச் சாயுறனா இல்லையான்னே தெரியலயே" என்றார் சுடலை.

ராக்கம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள். அவருக்குப் பின்னால் நின்று, வலது கையை அவர் முதுகில் விரித்து வைத்தாள்.

"என் கையில உங்க பாரம் வரக் கூடாது. வந்தா நான் சொல்றேன். சுடுங்க."

முதல் வெடிக்கு அவர் பின்னால் சாய்ந்தார். "வருது" என்றாள். இரண்டாவதற்கும் "வருது." மூன்றாவதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையின் தோள்பட்டையில் பொடிப்பொடியாக ஓட்டைகள் விழுந்திருந்தன. சுடலை கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அதை அவரே சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தார். துப்பாக்கி உதைக்கத்தான் செய்தது. ஆனால் அடியாக வரவில்லை. நெரிசலில் பின்னால் நிற்பவர் தோளைப் பிடித்து நகர்த்துவது மாதிரி ஒரு தள்ளு. உடம்பு அதோடு கொஞ்சம் போய்த் திரும்பியது.

ஹரிராம் இடையிடையே வெறும் தோட்டாவைச் சொல்லாமல் கலந்து போட்டார். மூன்று தடவை குழல் இறங்கியது. நான்காம் தடவை அசையாமல் நின்றது. அதற்குள் பத்தரை மணியாகிவிட்டது.

"காது குத்துக்கு நேரமாச்சு. மாமன் வரலன்னு அங்க ஒப்பாரி வச்சுருவாங்க" என்று ராக்கம்மாள்தான் நிறுத்தினாள். வெடிமருந்து வாசனையோடு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, பட்டாசு வாங்கி வந்திருக்கிறார்கள் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போனார். கடைசி ஞாயிறு வங்கியில் கொடுக்கும் கனமான தோட்டாவிலேயே சுட்டார். மறுநாள் காலை கண்ணாடிக்கு முன்னால் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ராக்கம்மாள் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எண்ணெய் கூட வேணாம்" என்றாள்.

பயிற்சி நாளில் பல கிளைகளிலிருந்தும் பதினாலு காவலர்கள் வந்திருந்தார்கள். சுடலையின் முறை ஆறாவது. முதல் தோட்டாவில் பழைய ஞாபகம் வந்துவிட்டது. கால் பின்வாங்கியது, அட்டைக்குக் கீழே புழுதி பறந்தது. அவர் துப்பாக்கியை இறக்கி, இரண்டு தரம் மூச்சு விட்டு, இடது காலை எடுத்து முன்னால் வைத்தார். அடுத்த நான்கும் அட்டையின் நெஞ்சில் வரைந்திருந்த வட்டத்துக்குள் விழுந்தன.

வங்கியின் பாதுகாப்பு அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "போன வருஷம் ஒண்ணுதானேய்யா? என்ன பண்ணீங்க?"

'நல்லாப் பழகினேன் சார்' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் அதுதான் வந்தது.

"போன வருசம் பயந்தேன் சார்" என்றார் சுடலை. "உதைக்குப் பயந்து கண்ணை மூடிட்டேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா கண்ணு மூடல."

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தார். "நாலு" என்று எழுதிக்கொண்டார்.

சுடலை தண்ணீர்ப் பானைப் பக்கம் போனபோது விருமாண்டி பின்னாலேயே வந்தார். வேறு கிளைக் காவலர். இவரைவிட அரைச் சாண் உயரம், இவரைவிடப் பெரிய மீசை. அந்த வட்டாரத்தில் பரம்பரையாக வேல்கம்பு பிடித்த குடும்பம் என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்ற வருஷங்களில் சுடலையிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டையின் இரண்டு பொத்தானைக் கழற்றி, தோளை விலக்கிக் காட்டினார். மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருந்தது.

"அண்ணே, போன வாரம் தனியாச் சுட்டுப் பார்த்தேன். இம்புட்டுக்கு வீங்கிப்போச்சு. எம் பேரு பதினொண்ணாவது. யாருகிட்டயும் சொல்ல முடியல."

"கட்டையை எங்க வைக்கிறீங்க? வச்சுக் காட்டுங்க" என்றார் சுடலை.

விருமாண்டி வெறுங்கையால் துப்பாக்கி பிடிப்பது போல் நின்று காட்டினார். முழங்கை தொங்கியது. முதுகு வில்லாகப் பின்னால் வளைந்திருந்தது. சுடலை அவர் இடுப்பைப் பிடித்து முன்னால் தள்ளினார், தோள் குழியில் விரலை வைத்து அழுத்தி, "இந்த எடம். எடைவெளி விடாதீங்க. அதை வர விடாதீங்க, நீங்க முன்னால போங்க" என்றார். பத்து நிமிஷத்தில் மருது என்ற இன்னொரு காவலரும் வந்து பக்கத்தில் நின்று, கேட்காமலே இடது காலை முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருமாண்டி மூன்று வாங்கினார். போகும்போது ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏறுங்கண்ணே, சமயநல்லூர் வழியாத்தான் போறேன்" என்றார்.

சுடலை வீட்டு வாசலில் இறங்கியபோது ராக்கம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு?"

"அஞ்சுக்கு நாலு."

"அந்த ஒண்ணு?"

"மொதத் தோட்டா. கீழ போயிருச்சு."

ராக்கம்மாள் உரிப்பதை நிறுத்தினாள். எதிர்வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நான் மத்தியானமே அஞ்சும் பட்டுருச்சுன்னு தெருப்பூராம் சொல்லிட்டேன். யாராச்சும் கேட்டா மாத்திப் பேசிராதீங்க."

சுடலை சிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிடி மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.