பதினேழு கழுதைகளும் ஒரு ராஜாவும்

"ஏனுங்க, இந்தக் காது பத்துமுங்களா?" என்று பங்காரம்மா கேட்டாள்.

சாக்குத்துணியில் வெட்டிய கழுதைக் காது அது. பதினேழு கழுதைகளுக்கு முப்பத்து நான்கு காதுகள் வேண்டும். அது முப்பத்து மூன்றாவது. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் தலையை ஆட்டினேன். பார்சல் ஆபீஸுக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து நின்றார். என் மனைவி பங்காரம்மாவுக்கு நெஞ்சு நின்றுவிட்டிருந்தது. கத்தரிக்கோல் மடியிலேயே இருந்தது. அது 1998, ஜூலை.

அவள் பால்வாடி டீச்சர். போத்தனூரில் தண்டவாளத்தை ஒட்டிப் பூட்டிக் கிடந்த பஞ்சு குடோன் ஒன்றைக் கேட்டு வாங்கி, 1991இல் குழந்தைகள் நாடகக் குழு தொடங்கினாள். மூன்று சட்டங்கள் வைத்தாள். வந்தவர் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, வேஷமில்லாமல் யாரும் இருக்கக் கூடாது. என்ன வேஷம் என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். வசனம் வராமல் ஒருவர் நின்றால் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது சட்டம் என்னோடு குடும்பம் நடத்தியதில் கிடைத்திருக்கும். எனக்குத் திக்குவாய்.

இந்தச் சட்டங்களால் 1992 நாடகத்தில் நான்கு ராஜாக்கள், ஒரே சிம்மாசனம். முறை போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் தென்னந்தோப்புக்காரர் நஞ்சுண்டன் ஒத்திகை நடுவில் வந்து நின்றார். அவருடைய பேரன் மாட்டு வேஷத்தில் குனிந்திருந்தான். அவர் தோப்பில் தேங்காய் உரிக்கும் மாரப்பனின் மகள் மதிவதனி வண்டியில் உட்கார்ந்து அவனை ஓட்டிக்கொண்டிருந்தாள். போலியோவால் கால் சூம்பியவள். வண்டிக்காரி வேஷம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

"எம்பட பேரன் மாடா நிக்கறதுங்களா?" என்றார் நஞ்சுண்டன்.

"நாந்தானுங்க அப்பாரு கேட்டேன். மாட்டுக்கு மனப்பாடம் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க" என்றது மாடு.

அவர் போய்விட்டார். ஆனால் நாடகத்தன்று முதல் வரிசையில் இருந்தார். வண்டிக்காரி சுமார்தான், மாடு நன்றாக நடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன்பின் எந்த வருஷமும் அந்த நாற்காலியை அவர் விடவில்லை.

எனக்குத் திரை இழுக்கும் வேலை. பழைய சேலைகளைத் தைத்துக் கம்பியில் கோர்த்த திரை. இடது ஓரத்தில் ஒரு முழம் மட்டும் மூடாது. அந்தச் சந்து வழியாகப் பிள்ளைகள் அம்மாக்களுக்குக் கை காட்டுவார்கள். சரிசெய்கிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். கை காட்ட ஒரு ஜன்னல் வேண்டாமா என்று அவள் விடவில்லை.

1998 நாடகத்தில் மழையில் நனையும் கழுதைகளுக்கு ராஜா அரண்மனையைத் திறந்துவிட வேண்டும். பதினேழு பேரும் கழுதையைத்தான் கேட்டார்கள். ராஜாவை யாரும் சீண்டவில்லை. அதனால் பங்காரம்மாவே ராஜாவானாள். மூடிய திரைதான் அரண்மனைக் கதவு. அதற்குப் பின்னால் நின்று "எல்லாரும் உள்ள வாங்க" என்று ஒரே வசனம் சொல்வாள். முதல் கழுதை சாயிரா பானுவுக்குக் காது கேட்காது. ஆகவே அவள் வாலில் ஒரு கயிறு கட்டி, சந்து வழியாக உள்ளே விட்டிருந்தார்கள். வசனம் சொன்னதும் கயிற்றை ஒரு இழு. அவள் கத்திக்கொண்டு கிளம்புவாள், மற்றவர்கள் பின்னால் போவார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து முப்பத்து நான்காவது காதைக் கேட்டார்கள். நானே வெட்டிக் கொடுத்தேன். முயல் காது மாதிரி வந்தது. வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை. ராஜா யார் என்றார்கள். மைக்செட் கருப்புசாமிக்கு நல்ல குரல் என்றேன்.

"கருப்புசாமியண்ணன் கேக்கலீங்களே மாமா" என்றாள் மதிவதனி. அவளும் கழுதைதான். "நீங்கதான் ஏழு வருசமா வேசமில்லாம நிக்கறீங்க. எல்லாத்துக்கும் வேசம் வேணுமுன்னு டீச்சர் சொல்லியிருக்குதுங்கல்ல."

"எனக்கு வ... வராது அம்மணி."

"வர்ற வரைக்கும் நிக்கறமுங்க. மூணாவது சட்டமுங்க."

நாடகத்தன்று தகரத்தில் மணலைக் கொட்டி மழை பெய்யவைத்தார்கள். கழுதைகள் நனைந்து முடித்தன. என் முறை வந்தது. அந்த வசனம் வராவிட்டால் அவளுடைய கடைசி நாடகம் வாசலிலேயே நின்றுவிடும்.

"எ..." என்றேன். சொல்லுக்கு முக்கியதில் கையும் கயிற்றை இழுத்துவிட்டது. சாயிரா பானு கத்திக்கொண்டு கிளம்பினாள். பதினாறு கழுதைகள் பின்னால் வந்து மூடிய திரையில் முட்டித் திரும்பின. மறுபடி "எ...", மறுபடி இழு, மறுபடி முட்டல். நாலாவது தடவையில் முயல் காது கழன்று நஞ்சுண்டன் மடியில் விழுந்தது. குடோனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு கழுதை அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டது.

"ராஜாவுக்கு என்னாச்சுங்க?" என்று நஞ்சுண்டன் கேட்பது கேட்டது.

"வந்துட்டிருக்கறாருங்க. பொறுங்க" என்றது மதிவதனிக் கழுதை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பேசாமல் திரையை இழுத்துவிட்டால் முடிந்தது. கை அங்கேதான் போனது. அப்போது சந்தில் சாயிரா பானுவின் முகம் தெரிந்தது. வாலைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். கூடாது என்று தலையை ஆட்டினாள். காதுகளும் ஆடின.

கயிற்றைக் கீழே போட்டேன். கண்ணை மூடினேன். "எல்லாரும் உள்ள வாங்க." எங்கும் தடுக்காமல் வந்தது.

அதே நொடியில் பாலக்காட்டு ரயில் குடோனை உலுக்கிக்கொண்டு போனது. ஒருவருக்கும் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத ஒருத்தி மட்டும் என் உதட்டைப் பார்த்திருந்தாள். வாலைத் தூக்கிக் கத்திக்கொண்டு அவள் சந்து வழியாக உள்ளே வர, பதினாறு கழுதைகளும் வந்தன. அப்புறம்தான் எனக்குத் திரையை இழுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

ராஜா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, நல்ல புதுமை என்று நஞ்சுண்டன் இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் சேலைகளை இரண்டு முறை மாற்றிவிட்டோம், கம்பியை ஒரு முறை. இடது ஓரத்தில் திரை இன்னும் ஒரு முழம் மூடுவதில்லை.