இல்லாத சுவர்

செத்துப்போனவளின் மூக்குக்கண்ணாடியைக் கிழவர் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். இனி அதைப் போட ஆளில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. நாற்பத்தாறு வருஷம் கூட இருந்தவள் முன்னறையில் கிடந்தாள்.

மகள் ஜன்னலோரம் நின்று கைபேசியைக் குடைந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். சந்தின் மறுகோடி வழியாக நுழைந்திருந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் காலையில் ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு முப்பத்தைந்து நிமிஷம் கழித்து வந்தது. அதற்குள் அவள் மூச்சு நின்றிருந்தது. "சந்து நடுவுல சுவர்னு மேப்புல இருக்குங்க. அரசாங்கமே போட்ட மேப். நான் என்ன பண்ணட்டும்?" என்று டிரைவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

"எந்த மடையன் இல்லாத சுவரை மேப்புல கட்டினான்னு பாக்காம விடமாட்டேன்" என்றாள் மகள்.

"விடும்மா. போனவ திரும்பியா வரப்போறா?"

"நீங்க சும்மா இருங்கப்பா. மேப் விவரம் எல்லாத்தையும் பொதுவுல போட்டிருக்காங்க. யார் வேணா பாக்கலாம். எந்தக் கோடு யார் சொல்லிப் போட்டதுன்னு வரைக்கும் இருக்கு."

கிழவரின் கை நின்றது.

போன வருஷம் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் அரசாங்க மேப்புக்காக இந்தச் சந்தை அளக்க வந்தாள். மறுகோடியில் குழாய்க்குத் தோண்டிய மண் மலையாய்க் கிடந்தது. "அந்தப் பக்கம் வழி இருக்காங்கய்யா?" என்று கேட்டாள். சர்க்காருக்கு உண்மையைச் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது அவர் கட்சி. தவிர, வழி உண்டென்றால் கண்ட வண்டியும் குறுக்கே புகும்.

"வழியும் இல்ல, கிழியும் இல்ல. சுவர் வெச்சாச்சு."

அவள் நம்பி எழுதிக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மனைவி, அந்தப் பெண் போனதும், "வெயில்ல அலையற பொண்ணுகிட்ட எதுக்குப் பொய்?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

"கிடைச்சிருச்சு" என்றாள் மகள். உரக்கப் படித்தாள். "தடுப்புச் சுவர். நேரில் பார்க்கவில்லை. தகவல் சொன்னவர், கதவு எண் பதினேழில் குடியிருக்கும்..."

அத்தோடு நிறுத்தினாள். வாசல் நிலையில் பதினேழைச் சுண்ணாம்பால் எழுதியதே அவள்தான், பள்ளிக்கூடம் போகிற வயதில்.

கிழவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. மகள் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்த கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அமரர் வண்டி. சந்தோட மறுகோடிக்கு வந்துட்டாங்களாம். மேப்புல சுவர் காட்டுதாம். சுத்திக்கிட்டு வரட்டுமான்னு கேக்கறாங்க."

கிழவர் எழுந்தார். செருப்பு போடவில்லை. மறுகோடிவரை நடந்து, வெள்ளை வண்டிக்கு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பிறகு திரும்பி அதற்கு முன்னால் நடந்தார்.

பாதிச் சந்தில், மேப்பில் சுவர் இருக்கும் இடத்தில், அவர் கால் நின்றுவிட்டது. எதிரே ஒன்றுமில்லை. வண்டி பின்னால் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.