நடுவில் எடுத்த துண்டு

விமான ஓடுபாதையில் பலமில்லை என்று நான் புகார் கொடுத்ததும், அதைப் போட்ட காண்ட்ராக்டரான என் அக்கா புருஷன் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே வந்து என் மூக்கை உடைத்தார்.

"டெஸ்ட்ல பாஸான ரன்வேடா. சொந்த அக்கா வயித்துலயே அடிக்கிறியா?"

வாயில் இறங்கிய ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: "ஓரமா ஒரு துண்டு தோண்டி எடுத்துக் காட்டுனீங்க மாமா. சக்கரம் இறங்குறது நடுவுல. நான் அங்க எடுத்தேன்."

மேசைமேல் இருந்த, நடுவில் நான் தோண்டி எடுத்த அந்த முழ நீளக் காங்கிரீட் உருளையை இரண்டு கையாலும் தூக்கி என் மண்டையில் போட்டார். நான் சரிந்தேன். உருளை என் தலைமேலேயே பொலபொலவென்று உதிர்ந்து சட்டைக்குள் மணலாக இறங்கியது. அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"ஒழுங்கா போட்டிருந்தா இந்நேரம் செத்திருப்பேன் மாமா," என்றேன்.