இன்னொரு தடவை பார்

“அன்னிக்கு மேல போயி சொர்க்க வாசல்லயே நின்ன ஆளுடா நானு! இராயப்பரு தொறப்ப எடுத்துப் பூட்டுல வெச்சுட்டாரு. அந்நேரம் எம்மக இங்க நெஞ்சுல குத்துன குத்துல சொர்க்கத்துக் கதவே ஆடிப்போச்சு. ‘ஒன்னைய உள்ள விட்டா கதவு தாங்காது, திரும்பிப் போய்யா’ன்னுட்டாரு!”

தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் பக்கத்து வீட்டுக் கந்தப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். சஜீவனி சிரிக்கவில்லை. கதை சொன்ன அப்பா பாக்கியநாதனின் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்தது. நாடி விட்டுவிட்டு அடித்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

“மயக்கம் போட்டு விழுந்ததெல்லாம் சாவாப்பா?” என்றான் அண்ணன் றொனி.

“அப்ப கோயில்ல சாவு மணி அடிச்சது யாருடா?”

“காத்து.”

அது சாவுதான் என்று ஒப்புக்கொண்டால் தங்கையின் கைத்திறனையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சஜீவனிக்கு வாரநாளில் ஹாலிஎல மருந்துக்கடை. சனி, ஞாயிறில் இராணுவத் தொண்டர் படையின் மருத்துவப் பிரிவு. திங்கட்கிழமை முகாமில் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். போகாவிட்டால் இடம் போய்விடும். பட்டாளத்தில் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்பது றொனியின் கட்சி. அவள் பக்கம் நின்றது அப்பா ஒருவர்தான்.

“திங்கக்கெழம நீ போற. நான் இருந்தாலும் சரி...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

சஜீவனி அடுத்த நாடித்துடிப்புக்குக் காத்திருந்தாள். பிறகு அவர் கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தாள். இந்தத் தடவை நெஞ்சை அமுக்க வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இனி முகாமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது” என்றான் றொனி, சுவரைப் பார்த்தபடி.

“மூத்தவன் போயி மணிய அடிக்கணும்ல தம்பி” என்றார் கந்தப்பன்.

றொனி போனான். நேரமாகியும் மணி கேட்கவில்லை. சஜீவனி மேட்டில் ஏறிக் கோயிலுக்குப் போனபோது கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேண்ணே.”

“இன்னொருக்கா பாத்துட்டு வா.”

இறங்கிப் போனாள். ஸ்டெதஸ்கோப்பை அப்பாவின் நெஞ்சில் வைத்து, வேண்டிய மட்டும் கேட்டாள். திரும்பி வந்து தலையசைத்தாள்.

“திங்கக்கெழம மொத பஸ்ஸுல நானே ஏத்திவிடுறேன்” என்றான். கயிறு இன்னும் அசையவில்லை.

“அன்னிக்கும் மூச்சு இல்ல சஜி. காத வெச்சுக் கேட்டுட்டுத்தான் ஓடியாந்து அடிச்சேன்.”